முட்டையைப் பெற்றோரிடமே விடுங்கள்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் நம் நகரங்களில் பரவி, தங்க மீனிலும் கப்பியிலும் தொடங்கிய ஆசை ஏஞ்சல் மீனையும் கடந்து, டிஸ்கஸ் என்னும் அருமையான ஜாதியை வீட்டிலேயே இனவிருத்தி செய்து பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு இன்று வளர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரிய விஷயம். ஆனால் அந்த ஆசையோடு கூடவே, இட்ட முட்டைகளை உடனே தாய் தந்தையரிடமிருந்து பிரித்தெடுத்து, மருந்து கலந்த ஜலத்தில் பொரிக்கச் செய்து, வெளிவரும் குஞ்சுகளைச் செயற்கை ஆகாரத்தால் வளர்ப்பதே சாமர்த்தியம் என்ற எண்ணமும் பரவி வருகிறது. அந்த எண்ணம் தவறானது என்பதும், வியாபார நிர்ப்பந்தம் ஏதுமின்றி வீட்டில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் குஞ்சுகளைப் பெற்றோரிடமே விட்டு வளர்ப்பதுதான் அந்த இனத்துக்குச் செய்யும் நியாயம் என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

டிஸ்கஸ் தென் அமெரிக்காவின் அமேசான் நதிக்கும் அதன் உபநதிகளுக்கும் உரிய மீன். யோஹான் நட்டரர் என்னும் ஆஸ்திரிய இயற்கை ஆராய்ச்சியாளர் பிரேசில் நாட்டில் பதினெட்டு ஆண்டுகள் அலைந்து திரட்டி வியன்னாவுக்கு அனுப்பிய உயிரினங்களுள், ரியோ நெக்ரோ நதியில் கிடைத்த இந்த வட்டமான மீனும் இருந்தது. 1840-இல் ஹெக்கல் என்னும் மீனியல் அறிஞர் அதை வர்ணித்துச் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்தினார். காட்டிலிருந்து விழும் இலைகளும் கட்டைகளும் ஊறி, தேநீர் நிறம் கொண்டு, அமிலத் தன்மையும் மென்மையும் பெற்று, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும் ஜலத்தில், நீரில் மூழ்கிய வேர்களுக்கும் கிளைகளுக்கும் இடையே கூட்டமாக அது வாழ்கிறது. பக்கவாட்டில் ஒடுங்கிய அதன் சரீரமும், உடலில் மேலிருந்து கீழாக ஓடும் கரும்பட்டைகளும் அந்தக் கிளைகளின் நிழலுக்குள் மறைந்து நிற்பதற்கே அமைந்தவை. தொட்டியில் மீன் வளர்ப்போர் உலகெங்கும் இதை மீன்களின் ராஜா என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்த வடிவத்துக்காகவும் வண்ணத்துக்காகவுமே.

ஆனால் டிஸ்கஸின் உண்மையான பெருமை அதன் வண்ணத்தில் இல்லை. குஞ்சுகளைப் போஷிக்கும் முறையில் இருக்கிறது. மீன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு கடமை முடிந்ததென்று போய்விடுகின்றன; சில ஜாதிகள் முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கின்றன; தன் சரீரத்திலிருந்தே சந்ததிக்கு ஆகாரம் சுரந்து கொடுப்பவை வெகு சில. டிஸ்கஸ் அந்த வெகு சிலவற்றுள் முதன்மையானது. முட்டை பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், தாயும் தந்தையும் தம் தோலின் மீது சுரக்கும் கோழை போன்ற ஒரு திரவத்தை அவை கொத்தித் தின்று வளர்கின்றன. இந்த விந்தையான வழக்கத்தை 1959-இல் ஹில்டெமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி முறைப்படி எழுதி வெளியிட்டார். 2010-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சுரப்பை ஆராய்ந்து, முட்டையிடும் காலத்தில் அதில் புரதமும் நோயை எதிர்க்கும் பொருள்களும் மிகுவதையும், குஞ்சுகள் சுயமாக இரை தேடும் பருவம் வந்ததும் அவை பழைய அளவுக்கே குறைந்துவிடுவதையும் கண்டறிந்தனர். பாலூட்டும் பிராணிகளிடம் மட்டுமே நாம் எதிர்பார்க்கும் ஒரு தாய்மைத் தர்மம், ஒரு மீனிடம், அதுவும் தந்தைக்கும் சமபங்கு உள்ளதாக அமைந்திருக்கிறது.

அதே ஆராய்ச்சியில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி இன்னும் மனத்தைத் தொடுவது. முதல் இரண்டு வாரங்களில் பெற்றோர் இடைவிடாமல் குஞ்சுகளுக்குத் தம் உடலைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன; ஒன்று களைத்தால் சட்டென்று உடலைச் சிலிர்த்து விலகுகிறது, குஞ்சுக் கூட்டம் அப்படியே மற்றொன்றின் மீது போய்ப் படிகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பெற்றோர் சிறிது சிறிதாகக் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. குஞ்சுகளும் வேறு இரையைத் தேடக் கற்றுக்கொள்கின்றன. நான்காவது வாரத்தில் பால் மறக்கடித்தல் ஏறக்குறைய பூர்த்தியாகிவிடுகிறது. இத்தனை ஒழுங்கோடு நடைபெறும் ஒரு குடும்ப வாழ்க்கையை, நம் வீட்டுக் கூடத்தில், நம் குழந்தைகளின் கண்ணெதிரே நடைபெறச் செய்ய முடியும் என்னும்போது, அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் குஞ்சு பொரிக்க வைப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

இதைச் சாதிப்பது எளிதென்று நான் சொல்லவில்லை. முதலாவதாக, டிஸ்கஸில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. ஆகையால் ஆறு அல்லது எட்டு இளம் மீன்களை ஒன்றாக வாங்கி, ஓராண்டுக்கு மேல் வளர்த்து, தாமாகவே ஜோடி சேரும் வரையில் காத்திருப்பதே உத்தமமான வழி. ஜோடி சேர்ந்தவை தொட்டியின் ஒரு மூலையைத் தம்முடையதென்று ஆக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டுவதும், எதிரெதிராக நின்று தலையைத் தாழ்த்தி வணங்குவது போல் நீந்துவதும், ஏதேனும் ஒரு செங்குத்தான பரப்பை வாயால் கொத்திச் சுத்தம் செய்வதும் காணத்தக்க காட்சிகள். இரண்டு பெண் மீன்களே ஜோடியாகி, இரண்டும் முட்டையிட்டு, ஒன்றும் பொரியாமல் போவதும் உண்டு. முட்டையிடும் சமயத்தில் வெளிப்படும் குழாய், பெண்ணுக்கு அகன்று மழுங்கியும் ஆணுக்குக் கூர்மையாகவும் இருப்பதை உற்றுப் பார்த்துத்தான் இந்த மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஜலத்தின் குணம். டிஸ்கஸ் உயிர் வாழ்வதற்கு வேண்டிய ஜலம் வேறு, இனவிருத்தி செய்வதற்கு வேண்டிய ஜலம் வேறு. ஓரளவு கடினமான நீரிலும் அது பழகி வாழும். ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் இட்ட முட்டைகள் கருவுறாமலும் பொரியாமலும் வீணாவது சகஜம். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு கடினமானது என்பது, குழாய் வாயில் படியும் வெண்படலத்தைத் தினமும் தேய்த்துக் கழுவும் இல்லத்தரசிகளுக்குத் தெரியும். எனவே இனவிருத்தித் தொட்டிக்கு ஆர்.ஓ. நீரைக் கலந்து மென்மைப்படுத்துவது இன்றியமையாதது; தனி ஆர்.ஓ. நீரையே நிரப்பினால் அதன் அமிலத் தன்மை நிலையாக நில்லாது என்பதால் சாதாரண நீரையும் அளவாகச் சேர்க்க வேண்டும். பி.எச். அளவு 6-க்கும் 6.5-க்கும் இடையிலும், வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருப்பது நலம். நம் ஊர்க் கோடைக்கு ஹீட்டர் தேவையில்லை. மார்கழி, தை மாதத்து இரவுகளில் அது இல்லாமல் முடியாது. நகராட்சிக் குழாய் நீரானால் அதிலுள்ள குளோரின் நீங்கும்படி முன்கூட்டியே பிடித்து, காற்றுக் குமிழி விட்டு வைத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

தொட்டியில் மணலும் செடியும் வேண்டாம். வெறும் கண்ணாடித் தளமும், ஒரு மூலையில் ஸ்பாஞ்ச் பில்டரும், நடுவே சுட்ட மண்ணால் ஆன ஒரு கூம்பும் போதும். நாள்தோறும் கழிவை உறிஞ்சி எடுத்துப் புது நீர் சேர்க்கும் சிரத்தை உள்ளவர் வீட்டில், நல்ல ஜோடி ஒன்று அந்தக் கூம்பின் மீது நூறு முதல் முந்நூறு வரை முட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டிவைக்கும். ஏறக்குறைய இரண்டரை நாளில் அவை பொரியும். பொரிந்த குஞ்சுகள் மேலும் இரண்டு மூன்று நாள் ஒட்டிய இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். நழுவி விழுந்தவற்றைப் பெற்றோர் வாயில் ஏந்தி மீண்டும் கூம்பிலே ஒட்டிவைக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் நாளில் நீர் மட்டத்தைத் தாழ்த்தி, இரவிலும் மங்கலான ஒரு விளக்கை எரியவிட்டால், பெற்றோரின் உடலைத் தேடி அடைவது அவற்றுக்குச் சுலபமாகும். நான்கைந்து நாள் சென்றபின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறாலினத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கலாம். இதற்கு மேல் வளர்ப்பவர் செய்ய வேண்டிய பெருங்காரியம், தொட்டியின் பக்கம் அடிக்கடி போய் எட்டிப் பாராமல் இருப்பதே.

இவ்வளவு செய்தும், முதல் ஈட்டையும் இரண்டாவது ஈட்டையும் இளம் ஜோடிகள் தாமே தின்றுவிடுவது உண்டு. இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து, அடுத்த முறை கூம்போடு முட்டைகளை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் வைத்து, பூஞ்சை பிடிக்காமல் மெத்திலின் நீலம் விட்டு, குஞ்சு நீந்தியதும் முட்டைப் பொடியைக் குழைத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் தடவி ஊட்டும் முறைக்கு மாறிவிடுகிறார்கள். பிளாரிடாவைச் சேர்ந்த ஜாக் வாட்லி போன்ற மேதைகள் அந்த முறையைப் பெருமுயற்சியோடு வகுத்தார்கள் என்பதையும், டர்க்காய்ஸ் வண்ண டிஸ்கஸ் உலகெங்கும் பரவியதில் அவர்களுக்குள்ள பங்கையும் நான் மறுக்கவில்லை. அந்த முறையை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. பெற்றோரின் செவுளிலும் தோலிலும் உள்ள புழுக்களும் ஒட்டுண்ணிகளும் குஞ்சுகளுக்குத் தொற்றாமல் தடுக்கலாம் என்கிறார்கள். குஞ்சுகளை எடுத்துவிட்டால் அதே ஜோடி விரைவில் மறுபடியும் முட்டையிடும் என்கிறார்கள். இதையே நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் ஒவ்வோர் ஈட்டையும் காப்பாற்றித்தானே தீரவேண்டும் என்றும் கேட்கிறார்கள்.

முதல் வாதத்துக்கு விடை, இனவிருத்திக்கு முன்னரே பெற்றோரைத் தனிமைப்படுத்தி, நோய் நீக்கி, சுத்தமான தொட்டியில் சேர்ப்பதே. நோயுள்ள பெற்றோரை வைத்துக்கொண்டு குஞ்சை மட்டும் காப்பாற்ற எண்ணுவது அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடியைச் செப்பனிடுவதாகும். மேலும், எந்தச் சுரப்பு நோயை எதிர்க்கும் சக்தியைக் குஞ்சுகளுக்கு அளிக்கிறதோ, அதையே அவற்றுக்கு இல்லாமல் செய்துவிட்டு ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இரண்டாவது வாதம் பெண் மீனின் உடல் நலத்தைக் கணக்கில் கொள்ளாத வாதம். இடைவிடாமல் முட்டையிடுவதற்கு எந்த உயிருக்கும் சக்தி இருக்காது. மூன்றாவது வாதம் உண்மையில் வலுவானது, அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அது வியாபாரிக்கு உரிய வாதமேயன்றி, ஆசைக்காக ஒன்றிரண்டு ஜோடி வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு உரியதன்று. அவருக்கு ஓர் ஈடு போனால் நஷ்டம் ஒன்றுமில்லை. காத்திருக்க அவகாசம் இருக்கிறது. முட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி வலையைக் கவிழ்த்து வைத்தால், பெற்றோர் அதைத் தின்ன முடியாமலும், அதே சமயம் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும் பழக்கத்தை விடாமலும் இருக்கும் என்பதால், அவசரப்படுவோருக்கு அந்த நடுவழியும் உண்டு.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த காரணத்துக்கு வருகிறேன். இயற்கையில், தன் முட்டையைத் தானே தின்னும் ஜோடிக்குச் சந்ததி இல்லை. சிரத்தையோடு காப்பாற்றும் ஜோடியின் குணமே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. செயற்கை முறையிலோ, காக்கும் ஜோடியின் முட்டையும் தின்னும் ஜோடியின் முட்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே மருந்தில் பிழைத்துக்கொள்கின்றன. வளர்ப்பவர் அவற்றுள் வண்ணத்தை மட்டும் பார்த்து அடுத்த பெற்றோரைத் தேர்ந்தெடுக்கிறார். இவ்வாறு பல தலைமுறை கழிந்தால், எந்தக் குணத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையோ அந்தக் குணம் பரம்பரையிலிருந்து மெல்ல நழுவிப் போவதில் ஆச்சரியம் என்ன? நம் ஊர்ப் பண்ணைகளில் வெகு காலமாக முட்டையைப் பிரித்தெடுத்தே பெருக்கப்பட்டு வரும் ஏஞ்சல் மீன்களில், தன் குஞ்சைத் தானே வளர்க்கும் ஜோடி அருகிப்போனதற்கு இதுவே காரணம் என்பது அனுபவஸ்தர் பலருடைய கருத்து. டிஸ்கஸுக்கும் அதே கதி நேர வேண்டுமா?

வண்ண மோகம் இந்த அபாயத்தை இன்னும் விரைவுபடுத்துகிறது. இனவிருத்திக் காலத்தில் டிஸ்கஸ் பெற்றோரின் உடல் கறுத்துப்போவது இயற்கை. அந்தக் கறுத்த உருவத்தை நோக்கியே குஞ்சுகள் ஈர்க்கப்படுகின்றன. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வெளிவந்து உலகைக் கவர்ந்த பிஜியன் பிளட் என்னும் வகைக்குக் கரும்பட்டைகள் கிடையா. அதன் உடல் வேண்டிய அளவு கறுப்பதுமில்லை. அதனால் அதன் குஞ்சுகள் பெற்றோரைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவதையும், பிஜியன் பிளட்டையும் டர்க்காய்ஸையும் ஜோடி சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் கறுத்த டர்க்காய்ஸின் மீதே போய்க் குவிவதையும் வளர்ப்போர் கண்டு சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்கு இனிய ஒரு நிறம், தாய்க்கும் குஞ்சுக்கும் இடையிலுள்ள அடையாளத்தையே அழித்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? இதோடு நில்லாமல், இளங்குஞ்சுகள் சீக்கிரம் நிறம் காட்ட வேண்டுமென்று ஆண் ஹார்மோனை ஆகாரத்தில் கலந்து கொடுக்கும் கொடுமையும் சந்தையில் உண்டு. அப்படி வாங்கிய மீனின் நிறம் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் மங்கிவிடுகிறது. அதன் இனவிருத்திச் சக்தியும் பாதிக்கப்படுகிறது. இந்த வழக்கத்தை எவ்விதத் தயக்கமும் இன்றிக் கண்டிக்க வேண்டும்.

சென்னைக் கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் இந்தியாவின் வண்ண மீன் வியாபாரத்துக்கே தலைமை இடமாக விளங்குகின்றன. அங்கும் அதையடுத்த ஊர்களிலும் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் உண்டு. இத்தகைய திட்டங்களைக் கவனிக்கும் மீன்வளத் துறையும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நம் மீன்வளப் பல்கலைக்கழகமும், தொட்டியின் அளவையும் குஞ்சுகளின் எண்ணிக்கையையும் கணக்கெடுப்பதோடு நின்றுவிடாமல், நல்ல பெற்றோர்க் குணம் உள்ள ஜோடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பயிற்சியில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தன் குஞ்சைத் தானே வளர்க்கும் ஜோடி, வியாபாரிக்கும் காலப்போக்கில் லாபமே. வேலையாளும் மருந்தும் செயற்கை ஆகாரமும் செய்ய வேண்டிய பணியை அது செலவின்றிச் செய்துவிடுகிறது.

ஆயினும் இந்தக் காரியத்தில் முதற்பொறுப்பு வீட்டில் வளர்ப்பவருடையதே. பெரிய பண்ணைகள் நிறத்தைப் பேணட்டும். நாம் குணத்தைப் பேணுவோம். நாற்பது குஞ்சுகளில் பத்தே பிழைத்தாலும், அந்தப் பத்தும் தாய் தந்தையரின் உடலைத் தின்று வளர்ந்தவையாக இருக்கட்டும். அவற்றுள்ளிருந்தே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்போம். நண்பர்களுக்குக் கொடுக்கும்போது அந்த விவரத்தையும் சொல்லிக் கொடுப்போம். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் டிஸ்கஸைக் காணும்போது நிறத்தையும் விலையையும் கேட்பதற்கு முன், இதைப் பெற்றோர் வளர்த்தனவா என்று கேளுங்கள், ஆம் என்று சொல்லக்கூடியவரிடம், இரண்டு பணம் அதிகமானாலும், வாங்குங்கள்.